பத்திரகாளி காட்டுக் கோணப்பொழி

ஊசிமேட்டுப்பட்டி பத்திரகாளிக்கு எதையும் சும்மா கொடுத்துவிட முடியாது. கோயில் கொடை விழாவில் வாழைப்பழம் நீட்டினால்கூட அதைத் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, கொடுத்தவன் மூஞ்சியையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் முந்தியில் முடிவாள். எதிர்வீட்டுப் பெத்தம்மாள் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏட்டி, சாமி பழத்துலயுமா சந்தேகம்?"

"சாமி மேல என்ன சந்தேகம்? குடுக்குதவன் மேலதான்."

பிறக்கும்போதே அவள் இப்படி இல்லை. புருஷன் கண்ணுசாமி மஞ்சக்காமாலையில் போனபோது பத்திரகாளிக்கு நரைகூட விழவில்லை. மகள் பொன்மணியும் மூன்று குறுக்கம் கரிசல் காடும் மிச்சம். பொன்மணி கல்யாணமாகிப் போன பிறகு காடு மட்டும். குறுக்கம் என்பது அந்தப் பக்கத்து நில அளவு. காடு என்றால் மரமும் புலியும் இல்லை, வானம் பார்த்த விதைப்பு நிலம். எழுத்து தெரியாத பெண்பிள்ளை ஒருத்தி காட்டை வைத்திருக்கிறாள் என்றால் யார் யாரெல்லாமோ சங்கிலியும் பேப்பருமாக வருவார்கள். ஊருக்குத் தார் ரோடு போட வந்தவர்கள் அவள் காட்டின் மேற்கு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். "சும்மா அளந்து பாக்கோம்மா" என்றார்கள். மறுவருஷம் அந்தக் கோட்டுக்கு மேல் தார் ஓடியது. அதற்கு நஷ்டஈடு உண்டு என்று சொன்னவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. பிறகு ஒருமுறை மானியத்தில் புதுப் பருத்தி விதை என்று கொடுத்தார்கள். செடி அவள் தலைக்கு மேல் வளர்ந்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை. ஆடு தின்றது.

அதனால்தான் தொண்ணூற்றெட்டாம் வருஷம் சித்திரையில் சாவடி முன்னால் ஜீப் வந்து நின்றபோது பத்திரகாளி முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். ஆசையில் இல்லை. தான் இல்லாத இடத்தில் தன்னைப் பற்றி என்ன முடிவு பண்ணுவார்களோ என்கிற பயத்தில்.

கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தவர் செண்பகராஜ். மெலிந்த ஆள், வெயிலில் கறுத்த முகம், சட்டைப் பையில் இரண்டு பேனா. வாட்டர்ஷெட் திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, காட்டில் பெய்கிற தண்ணீரைக் காட்டிலேயே நிறுத்த வேண்டும், அதற்குக் குறுக்கே வரப்புப் போட வேண்டும் என்று சொன்னார். இதற்கு யாரும் எதுவும் தர வேண்டாம் என்றும் சொன்னார். அங்கேதான் பத்திரகாளிக்குச் சந்தேகம் தட்டியது.

"வரப்பு வெட்டுத ஆளுக்குக் கூலி?"

"அதையும் அரசாங்கமே குடுக்கும் பெரியம்மா. நீங்களே வந்து வெட்டுனா ஒங்களுக்கே கூலி."

"என் காட்டுல, என் வரப்ப, நான் வெட்ட, எனக்கே கூலியா?"

"ஆமா."

"அப்போ காடு யாருக்கு?"

சாவடியே சிரித்தது. செண்பகராஜும் சிரித்தார். பத்திரகாளி சிரிக்கவில்லை. அவள் கேட்டது கேலிக்கு இல்லை.

ஆனாலும் அவள் வேண்டாம் என்று எழுந்து போகவும் இல்லை. காரணம் இருந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை அடித்து ஊற்றும். அத்தனையும் அவள் காட்டின் மேல் வழுக்கிக்கொண்டு கிழக்கே ஓடிவிடும். மார்கழி பிறந்ததும் மண் பிளந்து, உள்ளே கையை விட்டால் முழங்கை வரை போகும். போன தையில் பூவும் பிஞ்சுமாக நின்ற பருத்தி கடைசி ஒரு ஈரம் இல்லாமல் காய்ந்தது. அந்த ஈரம் வேண்டும் அவளுக்கு. தண்ணீர் நின்றால் நல்லதுதான், ஆனால் தண்ணீரோடு வேறு யாரும் வந்து நின்றுவிடக் கூடாது.

"அளக்கும்போது நான் கூட நிப்பேன்" என்றாள்.

"நில்லுங்க பெரியம்மா. எனக்கும் பேச்சுத் துணை."

அளவு நாளில் செண்பகராஜ் மூன்று கால் கருவி ஒன்றை ஊன்றி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தூரத்தில் ஒருவன் கோடு போட்ட கட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கே போ இங்கே போ என்ற சைகைக்கெல்லாம் நகர்ந்தான். அவன் நின்ற இடத்தில் எல்லாம் சுண்ணாம்பு விழுந்தது. பத்திரகாளி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டாள்.

"ஏன் தம்பி, கள்ளு குடிச்ச மாடு மாதிரி போவுது ஒங்க கோடு?"

"மேடு பள்ளம் பாத்துப் போவுது பெரியம்மா. கோடு பூராவும் ஒரே மட்டத்துல இருக்கணும். அப்பதான் தண்ணி ஒரு பக்கமா ஓடாம நிக்கும்."

"எனக்கு மட்டம் வேண்டாம். நேரா இருந்தாப் போதும்."

"நேராப் போட்டா ஒரே மழையில ஒடைஞ்சிரும்."

அவர் சொன்னது அவருக்குச் சரி. ஆனால் கரிசல் காட்டில் மண்ணை அணைத்து உயர்த்தியிருக்கிற எதற்கும் ஒரே அர்த்தம்தான். அதற்குப் பொழி என்று பெயர். பொழி என்றால் எல்லை. இந்தப் பக்கம் என்னுடையது, அந்தப் பக்கம் உன்னுடையது. காட்டுக்கு நடுவே பொழி போட்டவனை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை. பாகம் பிரித்தால் மட்டும்தான் நடுவே பொழி விழும்.

சுண்ணாம்புக் கோடு அவள் காட்டின் வடக்கு ஓரத்தில் நுழைந்து, வயிறு தள்ளி வளைந்து, தெற்கே வெளியேறியது. அதற்குக் கிழக்கே கதிர் அரிவாள் மாதிரி ஒரு துண்டு ஒதுங்கிக் கிடந்தது. அந்தத் துண்டை ஒட்டி அவள் கொழுந்தன் சிவனாண்டியின் காடு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது போட்ட பழைய பொழி இரண்டுக்கும் இடையில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக ஆடு மேய்ந்து, மழை கரைத்து, கொஞ்சம் கோரைப்புல்லும் ஒரு முதுகு மேடும்தான் மிச்சம். வேற்றாள் பார்த்தால் அது பொழி என்றே தெரியாது. புதிதாக வரப்போவதோ இடுப்பு உயரம்.

வைகாசியில் வரப்பு எழுந்தது. ஊரே மண்வெட்டியோடு வந்தது. பத்திரகாளி மற்றவர்கள் காட்டில் கூலிக்கு மண் சுமந்தாள்; தன் காட்டில் வேலை நடந்த நாள் மட்டும் சட்டியைத் தொடவில்லை. பழைய பொழி மேல் நின்று எவன் எங்கே மண் எடுக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரப்புக்கு ஊரில் கோணப்பொழி என்றே பெயர் விழுந்துவிட்டது.

பெத்தம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு வேனில் போய் வருகிறவள். வேனில் ஏறுகிற கதையெல்லாம் அவள் வழியாகத்தான் தெருவில் இறங்கும்.

"ஏட்டி பத்திரகாளி, ஆபீசரு ஒங்கொழுந்தன் வீட்டுலதான் காப்பி குடிச்சாராம். தெரியுமா?"

"எப்போ?"

"அளந்த அன்னைக்கு. முறுக்கு வேற வச்சாவளாம்."

"என் வீட்டுல தண்ணி கேக்கல அவரு."

"நீ குடுத்தியா?"

பத்திரகாளி விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்டப் போனாள். அன்று ராத்திரி கஞ்சி இறங்கவில்லை. முறுக்கு வைத்தானாம். வரப்பு ஏன் தன் காட்டில் மட்டும் வயிறு தள்ளிப் போகிறது என்பதற்கு அவளுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மற்றவர்கள் காட்டிலும் அது வளைந்துதான் போயிருந்தது. அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆடி போய் ஆவணி போய் புரட்டாசி வந்தது. மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் கரிசல்காட்டு வழக்கம். புழுதி விதைப்பு என்பார்கள். பத்திரகாளி வரப்புக்கு மேற்கே உளுந்தும் பருத்தியும் விதைத்து முடித்துவிட்டு, அரிவாள் துண்டை மறுநாளைக்கு என்று விட்டிருந்தாள். மறுநாள் வந்து பார்த்தால் துண்டுக்குள் டிராக்டர் சக்கரத் தடம். சிவனாண்டி காட்டிலிருந்து வந்து, அவள் மண்ணில் வட்டம் அடித்து, அதே காட்டுக்குள் திரும்பிப் போயிருந்தது.

விதைப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் வந்தாள். சிவனாண்டி வாசலில் வேட்டியை மடித்துக் கட்டி மாட்டுக்குக் கூளம் போட்டுக்கொண்டிருந்தார். அமைதியான மனுஷன். பேச்சும் நடையும் பைய.

"கொழுந்தனாரே, டிராக்டரு நல்லா உழுதுச்சா?"

"உழுதுச்சு மதினி. வாங்க, உள்ள வாங்க."

"என் காட்டுலயும் சேத்து உழுதுச்சோ?"

அவருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் கூளத்தைக் கீழே போட்டார். "அது திரும்புததுக்கு எடம் பத்தல மதினி. வாடகை வண்டி, ஓட்டுதவனுக்கு என்ன தெரியும்? பழைய பொழிதான் தரையோட தரையா கெடக்கே."

"புதுப் பொழி நல்லா தெரியுதுல்லா? அதுவரைக்கும் வந்திருக்கான்."

"அது பொழி இல்ல மதினி. தண்ணிக்குப் போட்டது."

"ஒமக்கு அப்படிச் சொல்லித் தந்துட்டுப் போயிருக்காரோ, முறுக்குத் தின்னவரு?"

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். பத்திரகாளி அதைத்தான் எதிர்பார்த்தாள். நாலு பேர் காது இருக்கும்போது கேட்டால்தான் கேள்விக்கு எடை.

"சரி, வாரும். சொடலமாடன் பீடத்துல வந்து சூடம் அணைச்சு சத்தியம் பண்ணும். அந்தத் துண்டு மேல எனக்கு ஆசை இல்ல, ஆபீசருக்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலன்னு அணையும். நான் வாயை மூடிக்கிடுதேன்."

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சொல்கிற சொல்லுக்கு அந்த ஊரில் கோர்ட்டில்கூட இல்லாத மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. சத்தியம் கேட்ட வீடும் செய்த வீடும் அதற்குப் பிறகு ஒன்றில் ஒன்று கை நனைப்பதில்லை. கல்யாணமோ சாவோ, தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. சொன்னது நிஜமாகவே இருந்தாலும் அப்படித்தான்.

சிவனாண்டி கீழே கிடந்த கூளத்தைக் காலால் ஒதுக்கினார்.

"நான் அணைக்க மாட்டேன் மதினி."

"ஏன்?"

"தையில எம்மக இசக்கிச்செல்விக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அண்ணன் வீட்டாளு வந்து எலையில ஒக்காரலன்னா மாப்பிள்ள வீட்டுக்காரன் என்ன நெனப்பான்? சத்தியம் பண்ணுனா நம்ம ரெண்டு வீட்டுக்கும் அன்னந்தண்ணி அத்துப்போவும். காடு கெடக்கு, அதுக்காக அதைப் பண்ண முடியாது."

"அணைக்க மாட்டேரு" என்றாள் பத்திரகாளி, அவருக்கு இல்லை, நின்றவர்களுக்கு. "கேட்டுக்கிட்டீயளா? அணைக்க மாட்டாராம்."

அவர் சொன்ன காரணம் அவள் காதில் ஏறவே இல்லை. மடியில் கனம் இல்லாதவன் அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்பது அவள் நியாயம். நேரே காட்டுக்குப் போனாள். உச்சி வெயில். மண்வெட்டியை எடுத்துக் கோணப்பொழியின் நட்டநடுவில், வயிறு தள்ளி நிற்கிற இடத்தில், ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வெட்டித் திறந்தாள். அந்தப் பக்கத் துண்டும் இந்தப் பக்கத்துக் காடும் ஒன்றுதான் என்று பார்க்கிறவன் எவனுக்கும் தெரியவேண்டும். வெட்டிய மண்ணை இரண்டு பக்கமும் இறைத்தாள். திறப்பு வழியாக நடந்து அரிவாள் துண்டுக்குள் போய், விதைப்பெட்டியை எடுத்து, மிச்ச உளுந்தையும் விதைத்து முடித்தாள். கை கொப்பளித்திருந்தது. அன்று கஞ்சி நன்றாக இறங்கியது.

இரண்டு நாள் கழித்து சிவனாண்டி அவள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"மதினி, வானம் கருக்குது. வெட்டுனதை அடைச்சிருங்க. மேக்காட்டுத் தண்ணி பூராவும் வரப்புல வந்து முட்டி, அந்த ஓட்டை வழியாத்தான் எறங்கும்."

"அடைச்சா யாருக்கு நல்லது?"

"ஒங்களுக்குத்தான்."

"எனக்கு நல்லது சொல்லுததுக்கு நீரு இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீராக்கும்."

அவர் போய்விட்டார். அடைக்கச் சொல்கிறான் என்றால் அடைக்கவே கூடாது என்று அவள் முடிவு பண்ணிக்கொண்டாள்.

ஐப்பசி முதல் மழையே மத்தியானத்தில் பிடித்தது. முதலில் புழுதி வாசம், பிறகு இடி, பிறகு எதிர்வீடு தெரியாத மழை. பத்திரகாளி சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு காட்டுக்கு ஓடினாள். தண்ணீர் நிற்பதைப் பார்க்க ஆசை. வரப்பு ஓரமாகத் தண்ணீர் நின்றுதான் இருந்தது, வடக்கிலிருந்து தெற்கு வரை, செம்மையாக, ஒரே மட்டத்தில். அவள் வாழ்நாளில் தன் காட்டில் தண்ணீர் அப்படி நின்று பார்த்ததில்லை. ஆனால் அது சும்மா நிற்கவில்லை. இரண்டு கோடியிலிருந்தும் நடுவைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. அவள் வெட்டிய திறப்பில் வந்து சேர்ந்து, ஒரே பாய்ச்சலாகக் கீழே விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறப்பின் ஓரம் பொத்தென்று சரிந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். மேற்கே விதைத்த உளுந்தும் பருத்தியும் மேல்மண்ணோடு கறுப்புக் குழம்பாகப் புரண்டு வந்தன. அரிவாள் துண்டில் ஆளை நிறுத்துகிற ஆழத்துக்கு ஒரு ஓடை விழுந்தது. அந்தக் குழம்பு அத்தனையும் சிவனாண்டி காட்டில் போய்ப் பரந்து படிந்தது.

அவள் கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். போட்ட கை எடுக்கும் முன் மண் போய்விட்டது.

"அங்கன நிக்காதீய! சரிஞ்சு விழுந்திருவீய!"

சிவனாண்டி. தலையில் ஒரு கட்டு காய்ந்த பருத்திமார்க் குச்சி, கையில் மண்வெட்டியும் சட்டியும், இடுப்பில் கோவணம் மாதிரி சுருட்டிய வேட்டி. பைய நடக்கிற மனுஷன் ஓடி வந்திருந்தார்.

"எங்க வந்தீரு?" என்றாள்.

"எங்க வந்தேனா? என் வெதை பூராவும் ஒங்க மண்ணுக்கு அடியில கெடக்கு. எங்க வந்தேன்னு கேக்குதீய!" அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. "எங்கண்ணன் இருந்திருந்தா ஒங்களை மம்பட்டியோட காட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டான்."

"ஒங்கண்ணன் இருந்திருந்தா டிராக்டரு என் காட்டுக்குள்ள வந்திருக்காது."

"கோட்டிக்காரி! புடிங்க இதை!"

பருத்திமார்க் கட்டை அவள் கையில் திணித்தார். இருவருமாகத் திறப்பில் குறுக்கே அதைத் திணித்தார்கள். அவள் ஏறி நின்று மிதித்தாள். அவர் மண் வெட்டிப் போட ஆரம்பித்தார். அந்த நிலையிலும் பத்திரகாளியின் கண் அவர் மண்வெட்டி மேல்தான் இருந்தது. எங்கே வெட்டுகிறான்? தன் துண்டில் வெட்டினால் அங்கேயே கையைப் பிடித்துவிட வேண்டும். அவர் அரிவாள் துண்டைத் தாண்டி, பழைய பொழியின் முதுகையும் தாண்டி, தன் காட்டுக்குள் இறங்கி வெட்டினார். வெட்டிய மண்ணைச் சட்டியில் போட்டு அத்தனை தூரம் சுமந்து வந்து கொட்டிவிட்டுத் திரும்ப ஓடினார். பக்கத்திலேயே மண் கிடந்தது. அதை அவர் தொடவில்லை. பொழி எங்கே என்று தெரியாமல் கிடக்கிறது என்று சொன்னவர், மழையில் கண் தெரியாத நேரத்திலும் அதைச் சரியாகத் தாண்டிப் போய்வந்தார்.

பத்திரகாளிக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அதுவும் என் மண்ணுதான்" என்றாள், அவர் அடுத்த சட்டியைக் கொட்டும்போது. "என் காட்டுலயிருந்து வந்து படிஞ்சது."

"ஆமா, ஒங்க மண்ணுதான். ஒங்களுக்கேதான் சொமந்துக்கிட்டு இருக்கேன். மிதிங்க."

அவள் மிதித்தாள். இருட்டுவதற்கு முன் தண்ணீர் நின்றது. சேறு அப்பிய முகத்தில் சிவனாண்டியின் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சிரித்தாரா, குளிரில் நடுங்கினாரா என்று தெரியவில்லை.

மழை விட்டு வானம் வெறித்த பிறகு செண்பகராஜ் ஒவ்வொரு காடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒட்டுப்போட்ட இடத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

"இங்கன என்ன ஆச்சு?"

"தண்ணி ஒடைச்சிட்டு சார்" என்றார் சிவனாண்டி.

"தண்ணி மம்பட்டி வச்சா ஒடைக்கும் அண்ணாச்சி? ஓரம் செதுக்குன மாதிரி இருக்கே."

சிவனாண்டி வானத்தைப் பார்த்தார். பத்திரகாளி சிவனாண்டியைப் பார்த்தாள். தனக்காக இந்த ஆள் எதற்குப் பொய் சொல்கிறான் என்று புதிதாக ஒரு யோசனை அவளுக்கு ஓட ஆரம்பித்திருந்தது.

"நான்தான் வெட்டுனேன்" என்றாள். "பொழி போட்டா அந்தப் பக்கம் யாருக்குன்னு நீங்க சொல்லல. நான் வெட்டிட்டேன்."

செண்பகராஜ் அவளையும் அரிவாள் துண்டையும் பழைய முதுகு மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது போலிருந்தது. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"வரப்பு எங்க போனாலும் பட்டா மாறாது பெரியம்மா. எல்லை பழைய எல்லைதான். இதைச் சாவடியிலேயே நான் சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல."

"பட்டாவை யாரு வாசிச்சுக் காட்டுவா எனக்கு? நீங்களா, இவியளா?"

"வேணும்னா மனு குடுங்க, சர்வேயர் வந்து கல்லு ஊனுவாரு."

"இன்னொருத்தன் சங்கிலியோட என் காட்டுக்குள்ள வரவேண்டாம். கல்லு நான் ஊனிக்கிடுதேன். நீங்க நின்னு பாருங்க, போதும்."

"எனக்கு இன்னும் பத்துக் காடு பாக்கணும்..."

"நில்லுங்க தம்பி. அளந்த அன்னைக்கு நான் ஒங்க பின்னாலயே நின்னேம்லா?"

அவர் நின்றார். சிவனாண்டி மாட்டுக் கயிறுகளை முடிச்சுப் போட்டு நீளமாக்கிக் கொண்டுவந்தார். ஓடைக்கரையில் பொறுக்கிய கற்களைப் பத்திரகாளி சட்டியில் சுமந்து வந்து வரிசையாகப் போட்டாள். வடகோடியில் அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குத்த வைக்க, தென்கோடியில் அவள் பிடித்தாள். கோரைப்புல் மிச்சம் இருந்த இடத்தையெல்லாம் தொட்டுக்கொண்டு கயிறு நேராக ஓடியது. அந்த ஓரமாகவே அவள் குழி தோண்டி முதல் கல்லை இறக்கி, காலால் மண்ணை அணைத்து மிதித்தாள்.

வடகோடியிலிருந்து சிவனாண்டி கத்தினார். "இப்பவாவது நம்புதீயளா மதினி?"

பத்திரகாளி நிமிர்ந்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, கயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"கயித்தைத் தொய்ய விடாதேயும்" என்றாள்.